தருமபுரி ஜெராக்ஸ் கடை வரலாறு மெட்டீரியல்: ஸ்வீடன் பகுதியை வாங்கலாமா?

தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில், பி.ஜி. டி.ஆர்.பி. (முதுநிலை ஆசிரியர் தேர்வு) எழுதுபவர்களுக்கும் எம்.ஏ. வரலாறு படிப்பவர்களுக்கும் தமிழ்வழி மெட்டீரியலை ஸ்பைரல் போட்டு விற்பது வழக்கம். அதில் ஒரு கடை ஐரோப்பிய வரலாறு வரிசையில் ஸ்வீடனுக்கென்றே இரண்டு புத்தகம் வைத்திருக்கிறது. முதல் புத்தகம் தொடக்கம் முதல் கால்மர் ஒன்றியம் (டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றும் ஒரே மன்னரின் கீழ் வந்தது) வரை: 64 பக்கம், 80 ரூபாய். இரண்டாவது புத்தகம் சமயச் சீர்திருத்தம், அதாவது 16ஆம் நூற்றாண்டில் நாடு ரோமின் கத்தோலிக்கத் திருச்சபையைவிட்டு ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் வழிக்கு மாறியது: 52 பக்கம், 70 ரூபாய். வாட்ஸ்அப்பில் சொன்னால் பாலக்கோடு, அரூர், ஓசூர் வரைக்கும் கூரியரில் வருகிறது. அந்தச் செலவு தனி.

தேர்வுக்காரர்கள் மட்டும் வாங்கும் புத்தகம் இல்லை இது. 1895இல் அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் மிஷன் இந்தியாவில் வேலையைத் தொடங்கிய ஊர் கிருஷ்ணகிரி. அங்குள்ள சபைகளில் லுத்தரன் வரலாறு படிக்க விரும்பும் வாலிபர்களுக்குத் தமிழில் ஸ்வீடனைப் பற்றி இவ்வளவு விரிவாகக் கிடைப்பது அரிது. அதனால்தான் இந்த இரண்டு புத்தகங்களையும் வரி வரியாகச் சரிபார்த்து எழுதுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் புத்தகம் நல்ல புத்தகம். இரண்டாவது புத்தகம் பாதிதான் நன்று. அதைத் திருத்தாமல் படித்தால் மதிப்பெண் போகும், புரிதலும் கோணலாகும். பெரிய குறை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஸ்வீடன் ஏன் ரோமைவிட்டு விலகியது என்பதற்கான காரணங்கள் முதல் புத்தகத்தில் கிடக்கின்றன, விளைவுகள் இரண்டாவதில் கிடக்கின்றன, இரண்டையும் கட்டும் நூற்றாண்டு எதிலுமே இல்லை. தனித்தனியாக விற்பதால் பலர் இரண்டாவதை மட்டும் வாங்குகிறார்கள். அப்படி வாங்க வேண்டாம்.

முதல் புத்தகத்தின் தொடக்கம் அடக்கமாக இருப்பது பிடித்திருக்கிறது. கி.பி. 98 வாக்கில் ரோமானியரான டாசிட்டஸ், கப்பல் பலம் மிக்க சுயோன்கள் என்ற இனத்தைக் குறிப்பிடுகிறார். இதை வைத்து ஸ்வீடன் அரசு இரண்டாயிரம் வருடப் பழமையானது என்று நீட்டாமல், இனம் இருந்தது, அரசு பிறகுதான் உருவானது என்று நிறுத்திக்கொள்கிறது புத்தகம். மேலாரென் ஏரியைச் சுற்றி ஸ்வேயர், தெற்கே பெரிய ஏரிகளின் இரு பக்கமும் யோத்தர், இடையில் அடர்ந்த காடு என்ற அமைப்பைத் தெளிவாகச் சொல்கிறது. இந்தக் காடுதான் நாடு ஒன்றாவதைப் பல நூறு வருடம் தாமதப்படுத்தியது.

பிர்கா பற்றிய மூன்று பக்கங்கள் தரமானவை. மேலாரென் ஏரித் தீவில் 8ஆம் நூற்றாண்டு நடுவில் எழுந்து 10ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மங்கிய வணிக ஊர் அது. அன்ஸ்கார் என்ற துறவி 829-830 வாக்கில் அங்கே வந்தார், ஊர்த் தலைவர் ஹெர்கேர் ஞானஸ்நானம் பெற்று ஒரு ஆலயம் கட்டினார், 850களின் தொடக்கத்தில் அன்ஸ்கார் திரும்ப வந்தபோது வேலையை ஏறக்குறைய புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. ‘அன்ஸ்கார் ஸ்வீடனைக் கிறிஸ்தவமாக்கினார்’ என்று பல மெட்டீரியல்களில் வரும் வரி இதில் இல்லை. அவர் விதை போட்டார். முளைத்தது இருநூறு வருடம் கழித்து.

ஓலோஃப் ஷேட்கோனுங் பகுதியில் ஒரு திருத்தம் தேவை. சுமார் 995 முதல் 1022 வரை ஆண்ட இவர், ஸ்வேயர், யோத்தர் இரு பகுதியையும் ஆண்டதாக நமக்குத் தெரிந்த முதல் மன்னர். சிக்டுனாவில் நாணயம் அடித்தவர். 1008 வாக்கில் ஹுசாபியில் ஞானஸ்நானம் பெற்றார் என்பது மரபுவழிச் செய்தி. புத்தகம் இவரை ‘ஸ்வீடனை ஒருங்கிணைத்த மன்னர்’ என்கிறது. அது மிகை. இவருக்குப் பிறகும் இரு பகுதிகளும் வெவ்வேறு மன்னரைத் தூக்கிப் பிடித்ததுண்டு. ‘இரு பகுதியையும் ஆண்ட முதல் மன்னர்’ என்று அடித்து எழுதிக்கொள்ளுங்கள். 1070களில் பிரேமன் நகர ஆதாம், உப்சாலாவில் தோர், ஓடின், ஃப்ரே மூவருக்கும் கோவில் இருந்ததாகவும் ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை பலி நடந்ததாகவும் எழுதுகிறார். ஓலோஃப் ஞானஸ்நானம் பெற்று இரண்டு தலைமுறை கழிந்த பின்னும் பழைய வழிபாடு உயிரோடு இருந்தது என்பதற்கு இது சான்று. ஆதாம் தாமே நேரில் பார்த்து எழுதியதில்லை என்பதையும் ஓரத்தில் குறித்து வைப்பது நல்லது.

ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து வெட்டிய ரூன் கற்களுக்கு அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் பக்கத்து மாணவருக்கு இதைவிட எளிதாகப் புரிய வைக்கக்கூடிய பாடம் வேறில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி ஏரிக்கரைகளிலும் வயல்களிலும் நிற்கும் நடுகற்களை நினைத்துக்கொண்டால் போதும்: செத்தவன் பெயர், கல் நட்டவர் பெயர், எதற்காக நட்டது என்ற சுருக்கம். நடுகல்லில் ஆநிரை மீட்டு மாண்ட வீரன் நிற்கிறான். 11ஆம் நூற்றாண்டு ரூன் கல்லில் பெரும்பாலும் அப்பனுக்கோ மகனுக்கோ உறவினர் நட்ட நினைவும், அடியில் ‘கடவுள் இவன் ஆன்மாவுக்குத் துணை நிற்கட்டும்’ என்ற வேண்டுதலும், சிலுவையும் இருக்கும். ஸ்வீடனில் இத்தகைய கற்கள் 2500க்கு மேல். ஏறக்குறைய பாதி உப்லாந்து என்ற ஒரே மாகாணத்தில். பலி கொடுத்த கோவில் இருந்ததாகச் சொல்லப்படும் அதே மாகாணத்தில் ஊர் ஊராகச் சிலுவைக் கற்கள் நிற்கின்றன. மன்னர் கட்டளையால் ஒரே நாளில் மதம் மாறியது என்ற எண்ணத்தை உடைக்க இந்த ஒரு சான்று போதும். இதைப் புத்தகம் பயன்படுத்தாதது பெரிய இழப்பு.

மன்னர் பட்டியலைத் தாண்டிப் போங்கள். அதில் ‘முதலாம் கார்ல் முதல் ஆறாம் கார்ல் வரை’ ஆறு பெயருக்கு ஆட்சிக்காலத்தோடு கட்டம் போட்டிருக்கிறார்கள். அப்படி ஆறு மன்னர்கள் இருந்ததில்லை. சீர்திருத்தத்தின்போது நாட்டுக்கு வெளியே போய்விட்ட உப்சாலா பேராயர் யோஹன்னஸ் மாக்னுஸ் எழுதி, அவர் இறந்த பின் 1554இல் ரோமில் அச்சான மன்னர் வரலாற்றில் கற்பனை மன்னர்கள் பலர் வருகிறார்கள். அந்தக் கணக்கைப் பின்பற்றித்தான் 16ஆம் நூற்றாண்டு மன்னர்கள் தங்களைப் பதினான்காம் எரிக் என்றும் ஒன்பதாம் கார்ல் என்றும் அழைத்துக்கொண்டார்கள். வரலாற்றில் உறுதியாகத் தெரிந்த முதல் கார்ல், ஏழாம் கார்ல் என்று எண்ணப்படும் கார்ல் ஸ்வெர்கெர்ஸோன், 12ஆம் நூற்றாண்டுக்காரர். 18ஆம் பக்கத்துப் பட்டியலில் அந்த ஆறு வரிகளையும் பேனாவால் அடித்துவிடலாம்.

முதல் புத்தகத்தின் உயிர்நாடி 27 முதல் 45 வரையுள்ள பக்கங்கள். அவசரத்தில் படிப்பவர்கள் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள், சட்டமும் நிலமும் சலிப்பூட்டும் என்று. சீர்திருத்தத்துக்கான திறவுகோல் இங்கேதான் இருக்கிறது.

மன்னர் பதவி பரம்பரை இல்லை. உப்சாலாவுக்குப் பக்கத்தில் மோரா கற்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர், மாகாணம் மாகாணமாகச் சுற்றிவந்து ஒவ்வொரு மாகாண மன்றத்தின் ஒப்புதலையும் பெற வேண்டும். வெஸ்டெர்யோட்லாந்துச் சட்டம், மன்னரை ஏற்கவும் விரட்டவும் ஸ்வேயருக்கு உரிமை உண்டு என்று எழுதிவைத்திருக்கிறது. 1120களில் பிணையாள் இல்லாமல் அந்த மாகாணத்துக்குள் நுழைந்த ராங்வால்ட் என்ற மன்னரை அங்கேயே கொன்றார்கள். இப்படிப்பட்ட நாட்டில் மன்னரின் கை நீளாது, கஜானாவும் நிறையாது. 1280 வாக்கில் மக்னுஸ் லதுலோஸ் மன்னரின் ஆல்ஸ்னோ ஆணை, குதிரையும் கவசமும் கொண்டு படைக்கு வருபவரின் நிலத்துக்கு வரிவிலக்கு கொடுத்தது. அதோடு பிரபுக்கள் வகுப்பு உறுதியானது. வரி கட்டும் நிலம் சுருங்கியது.

மறுபக்கம் திருச்சபை வளர்ந்தது. முதலில் ஹாம்பர்க்-பிரேமன், பிறகு லுண்ட் என்று வெளியார் பேராயர்களின் கீழ் இருந்த நாட்டுக்கு 1164இல் உப்சாலாவில் தனிப் பேராயர் கிடைத்தார். ஆல்வாஸ்ட்ரா மடத்துச் சிஸ்டெர்சியன் துறவி ஸ்டெஃபான் அவர். 1248இல் ஷென்னிங்கே கூட்டம் குருக்களின் மணத்துறவை வலியுறுத்தியது. இறப்பவர்கள் ஆலயத்துக்கு நிலம் எழுதிவைத்தார்கள், அந்த நிலத்துக்கும் வரி இல்லை. ஆயர்களுக்குக் கோட்டை, ஆயுதம் தாங்கிய ஆட்கள், அரச சபையில் இடம். 14ஆம் நூற்றாண்டு நடுவில் மக்னுஸ் எரிக்ஸோன் காலத்து நாட்டுச் சட்டமும், மன்னர் தேர்ந்தெடுக்கப்படுபவர், வாரிசாக வருபவர் இல்லை என்பதையே உறுதிசெய்தது. ஏழை மன்னர், செல்வந்தத் திருச்சபை, தேர்தலில் கிடைக்கும் சிம்மாசனம்: இந்த மூன்றையும் மனதில் வைத்தால்தான் 1527இல் மன்னர் திருச்சபைச் சொத்தில் கை வைத்தது ஏன் என்று புரியும். 13ஆம் நூற்றாண்டு ஆட்சித் தலைவர் பிர்யெர் யார்ல், 1252இல் ஸ்டாக்ஹோம் முதல்முறை ஆவணத்தில் வருவது, 1335இல் அடிமை முறை ஒழிப்பு, வாட்ஸ்டேனா மடத்துக்கு வித்திட்ட புனிதர் பிரிகிட்டா, 1350 கொள்ளைநோய் எல்லாம் சரியாகவே வந்திருக்கின்றன. அங்கே திருத்த ஒன்றுமில்லை.

படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு புத்தகத்திலும் அட்டைக்குப் பின்னால் ஒரே வரைபடம். இன்றைய ஸ்வீடன் எல்லையை எடுத்துக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் போட்டிருக்கிறார்கள். இது இந்தக் காலத்து ஸ்வீடனே இல்லை. திருத்தும் முறை: சிவப்புப் பேனாவால் தெற்கு முனையில் ஸ்கோனே, ஹல்லாந்து, பிளேக்கிங்கே மூன்றையும் வளைத்து ‘டென்மார்க்’ என்று எழுதுங்கள். மேற்குக் கரையில் பூஹுஸ்லேனையும் நடுப்பகுதியில் யெம்ட்லாந்தையும் ‘நார்வே’ ஆக்குங்கள். கோட்லாந்து தீவு 1361 முதல் டென்மார்க் கையில். கிழக்கே ஃபின்லாந்தின் தெற்கு, மேற்குக் கரைகளை ஸ்வீடனோடு சேருங்கள். தெற்கு மாகாணங்கள் கைமாறியது 1645, 1658 உடன்படிக்கைகளில். இதைச் செய்யாவிட்டால் லுண்ட் பேராயர் ஏன் டென்மார்க் பக்கம் நிற்கிறார் என்று புரியாது. ஃபின்லாந்தில் மிக்கேல் அக்ரிக்கோலா 1548இல் ஃபின்னிய மொழியில் புதிய ஏற்பாடு வெளியிட்டது ஸ்வீடன் சீர்திருத்தத்தின் பகுதி என்பதும் விளங்காது.

அடுத்து அந்த நடுப் பள்ளம். முதல் புத்தகம் 1397இல் கால்மரில் எரிக் முடிசூடியதோடு நிற்கிறது. இரண்டாவது 1523 ஜூன் 6இல் கஸ்டவ் வாசா மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதில் தொடங்குகிறது. நடுவில் 126 வருடம் காணோம். இரண்டையும் வேறு வேறு ஆட்கள் எழுதியிருக்க வேண்டும். நடையும் சொற்களும் அப்படித்தான் காட்டுகின்றன. இரண்டு தாள் எழுதி இடையில் செருகுங்கள். அதில் வர வேண்டியவை இவை.

டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றும் ஒரே மன்னரின் கீழ் இருந்தாலும் போர்ச்செலவுக்கு ஸ்வீடன் வரி கட்டியது. 1434இல் சுரங்கப் பகுதிக்காரரான எங்கெல்ப்ரெக்ட், டென்மார்க் அதிகாரிகளின் வரிக் கொடுமைக்கு எதிராக எழுந்தார், 1436இல் கொல்லப்பட்டார். அவருக்குப் பிறகு ஒன்றியம் முறிவதும் ஒட்டுவதுமாகவே போனது. 1471 அக்டோபரில் பிருன்கேபெர்க் போரில் மூத்த ஸ்டென் ஸ்டூரே டென்மார்க் மன்னர் முதலாம் கிறிஸ்டியானைத் தோற்கடித்தார். 1477இல் உப்சாலாவில் பல்கலைக்கழகம் பிறந்தது.

பிறகு வருவது சீர்திருத்தத்தின் நேரடி முன்கதை. இளைய ஸ்டென் ஸ்டூரே நாட்டின் ஆட்சிப் பொறுப்பாளர். கஸ்டவ் ட்ரோல்லே பேராயர், ஒன்றியத்தின் ஆதரவாளர். 1517இல் அரச சபையும் மக்கள் பிரதிநிதிகளும் கூடி, ட்ரோல்லேயைப் பதவியிறக்கி, ஆல்மரெஸ்டேக்கெட்டில் இருந்த பேராயரின் கோட்டையை இடிக்கத் தீர்மானித்தார்கள். கையெழுத்தும் முத்திரையும் வைத்த பத்திரமாகவே அது எழுதப்பட்டது. திருச்சபை ஸ்டென் ஸ்டூரேயை விலக்கிவைத்தது. டென்மார்க் மன்னர் இரண்டாம் கிறிஸ்டியானுக்குப் படையெடுக்கக் காரணம் கிடைத்தது. 1520 ஜனவரியில் உறைந்த ஓசுண்டென் ஏரியில் நடந்த சண்டையில் காயம்பட்ட ஸ்டென் அடுத்த மாதம் இறந்தார். அவர் மனைவி கிறிஸ்டினா யில்லென்ஷெர்னா ஸ்டாக்ஹோமைச் செப்டம்பர் வரை தாக்குப்பிடித்து, பொதுமன்னிப்பு உறுதியின்பேரில் ஒப்படைத்தார்.

நவம்பர் 4இல் கிறிஸ்டியான் முடிசூடினார். விருந்து முடிந்ததும் 7ஆம் தேதி ட்ரோல்லே வழக்கு வைத்தார்: தம் கோட்டையை இடித்தவர்கள் சமய விரோதிகள். இது ஒருவர் முடிவில்லை, எல்லோரும் சேர்ந்து எடுத்தது என்று காட்ட, 1517 பத்திரத்தைக் கிறிஸ்டினா எடுத்து நீட்டினார். அந்தப் பத்திரமே குற்றவாளிப் பட்டியலாக மாறியது. மன்னர் பொதுமன்னிப்பு கொடுத்திருந்தார், ஆனால் சமய விரோதத்துக்கு அந்த மன்னிப்பு செல்லாது. வழக்கு அந்த வடிவத்தில் வந்த காரணம் அதுதான். 8, 9 தேதிகளில் ஸ்டாக்ஹோம் பெரிய சதுக்கத்தில் எண்பதுக்கும் நூறுக்கும் இடைப்பட்டவர்கள் தலை வெட்டப்பட்டார்கள். ஸ்காரா, ஸ்ட்ரெங்னெஸ் ஆயர்கள் இருவர், கஸ்டவ் வாசாவின் தந்தை எரிக் யோஹான்ஸோன் அவர்களில் உண்டு. ஸ்டென் ஸ்டூரேயின் உடலைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். பேராயரின் வழக்கில் பிரபுக்களின் தலை விழுந்த இந்த நிகழ்ச்சியை விட்டுவிட்டு, ஆயர்கள் மேல் மக்களுக்கு ஏன் அவ்வளவு அவநம்பிக்கை என்று இரண்டாவது புத்தகம் ஐந்து காரணம் அடுக்குகிறது. முதல் காரணமே இல்லாமல் போன அடுக்கு அது.

இனி இரண்டாவது புத்தகம். பணத்தைப் பற்றிய பகுதி உறுதியாக இருக்கிறது. நடு ஸ்வீடனின் டாலர்னா மாகாண மக்களோடு கிளர்ந்து, வட ஜெர்மனியின் லூபெக் வணிக நகரத்தின் கப்பலும் கூலிப்படையும் கொண்டு வென்ற கஸ்டவ் வாசா, கடனோடுதான் அரியணை ஏறினார். கடனை அடைக்கப் பணம் எங்கே இருந்தது என்பதைப் புத்தகம் நேராகச் சொல்கிறது. இதற்கு ஓரத்தில் சில எண்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1520களின் தொடக்கத்தில் நாட்டின் பண்ணைகளில் சுமார் 21 சதவீதம் திருச்சபையிடம், அரசரிடம் 5 முதல் 6 சதவீதம், பிரபுக்களிடம் திருச்சபையை ஒட்டிய அளவு, மீதி குடியானவர்களிடம். 1560இல் கஸ்டவ் இறந்தபோது அரசரிடம் சுமார் 28 சதவீதம், திருச்சபையிடம் ஒன்றுமில்லை. குடியானவர் பங்கு பெரிதாக மாறவில்லை. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை இந்த எண்களே சொல்லும்.

வெஸ்டெரோஸ் நாடாளுமன்றம், 1527 ஜூன்: இதையும் நன்றாக எழுதியிருக்கிறார்கள். லிங்ஷோபிங் ஆயர் ஹன்ஸ் பிராஸ்க் போப்பின் அனுமதியில்லாமல் திருச்சபைச் சொத்தைக் கொடுக்க முடியாது என்றது, மன்னர் பதவி விலகுவதாக மிரட்டி வெளியேறியது, கூட்டம் பணிந்தது எல்லாம் உண்டு. ஆயர்களின் கோட்டைகள் மன்னருக்கு, ஆயர்கள், பேராலயங்கள், மடங்களின் ‘உபரி’ வருமானம் மன்னருக்கு, 1454க்குப் பிறகு பிரபுக் குடும்பங்கள் தானம் செய்த நிலம் அவர்களுக்கே திரும்ப, கடவுளின் வார்த்தை தூய்மையாகப் பிரசங்கிக்கப்பட வேண்டும் என்ற நான்கு அம்சத்தையும் சரியாகப் பிரித்திருக்கிறார்கள். நிலம் திரும்பும் என்ற ஆசை காட்டியதால்தான் பிரபுக்கள் மன்னர் பக்கம் சாய்ந்தார்கள் என்ற விளக்கம் மிகச் சரி. பிராஸ்க் அதே வருடம் நாட்டை விட்டுப் போனார், திரும்பவில்லை.

கோளாறு அடுத்த வரியில். ‘இவ்வாறு 1527இல் ஸ்வீடன் லுத்தரன் நாடானது.’ இந்த வரி புத்தகத்தில் நான்கு இடத்தில் வருகிறது; நான்கையும் அடியுங்கள். வெஸ்டெரோஸ் தீர்மானத்தில் லுத்தர் பெயர் இல்லை, எந்த விசுவாச அறிக்கையும் இல்லை. ‘தூய வார்த்தை’ என்ற சொல்லைக் கத்தோலிக்கரும் ஏற்கலாம், லுத்தரைப் பின்பற்றுபவரும் ஏற்கலாம். மன்னருக்கு வசதியாக இருந்ததே அதனால்தான்.

ஸ்வீடன் மாறியதை மூன்று இழையாகப் பிரித்துப் படித்தால் குழப்பம் தீரும். சொத்து இழையின் முடிச்சு 1527. வழிபாட்டு இழை வேறு வேகத்தில் போகிறது. லுத்தர் கற்பித்த விட்டன்பெர்கில் 1516 முதல் 1518 வரை படித்துத் திரும்பிய ஒலாவுஸ் பெட்ரி, ஸ்ட்ரெங்னெஸில் பிரசங்கித்தார். அங்கே தலைமைக் குருவாக இருந்து மன்னரின் செயலாளரான லவ்ரென்டியுஸ் ஆண்ட்ரே அவருக்கு அரண்மனைக் கதவைத் திறந்தார். 1525இல் ஒலாவுஸ் குருவாக இருந்தபடியே திருமணம் செய்துகொண்டார். 1526இல் ஸ்வீடிஷ் மொழியில் புதிய ஏற்பாடு, 1531இல் ஸ்வீடிஷ் திருவழிபாட்டு முறை, 1536இல் உப்சாலா கூட்டம் அதை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது, 1541இல் முழு வேதாகமம். புத்தகத்தில் 1526, 1541 இரண்டும் ஒரே வரியில் கலந்து ‘1526இல் பைபிள் மொழிபெயர்க்கப்பட்டது’ என்று நிற்கிறது. ஒரு மதிப்பெண் கேள்வியில் விழும் இடம் இது.

மூன்றாவது இழை கோட்பாடு. 1544இல் மீண்டும் வெஸ்டெரோஸில் கூடியபோதுதான் நாடு நற்செய்தி வழி நாடு என்று அறிவிக்கப்பட்டது. புனிதர் வணக்கமும் யாத்திரையும் விலக்கப்பட்டன. அதே கூட்டம் மன்னர் பதவியைப் பரம்பரையாக்கியது. மோரா கற்களில் தொடங்கிய கதை இங்கே முடிகிறது. முதல் புத்தகம் படித்தவருக்குத்தான் இதன் எடை தெரியும். 1571இல் பேராயர் லவ்ரென்டியுஸ் பெட்ரியின் திருச்சபை ஒழுங்கு அச்சானது. மூன்றாம் யோஹான் 1576இல் பழைய சடங்குகளை நோக்கிச் சாய்ந்த வழிபாட்டு நூலைக் கொண்டுவந்தார். செந்நிற நூல் என்று பெயர். அவர் தம்பி கார்ல் தம் ஆட்சிப் பகுதியில் அதை ஏற்க மறுத்தார். யோஹான் 1592இல் இறந்தார். அடுத்த வாரிசு சிகிஸ்முண்ட் போலந்தின் கத்தோலிக்க மன்னர். அவர் ஸ்வீடன் வந்து சேர்வதற்கு முன்பே, 1593 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் உப்சாலாவில் கூடிய சபை செந்நிற நூலைத் தள்ளி, லுத்தரன்களின் அடிப்படை அறிக்கையான மாற்றமில்லாத அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கையை ஏற்றது. கோட்பாட்டளவில் ஸ்வீடன் லுத்தரன் நாடானது அன்றுதான். சிகிஸ்முண்ட் 1598இல் ஸ்டோங்கேப்ரோவில் தோற்று, அடுத்த வருடம் அரியணை இழந்தார். வாட்ஸ்டேனாவின் கடைசிக் கன்னியர் 1595இல் வெளியேறினார்கள். முதல் புத்தகத்தில் பிரிகிட்டாவுக்கு இரண்டு பக்கம் கொடுத்தவர்கள், அந்த மடத்தின் முடிவை எங்கேயும் சொல்லவில்லை.

கஸ்டவ் வாசாவைத் தீவிர லுத்தர் பக்தராகக் காட்டியிருப்பதும் திருத்த வேண்டியது. ரோமோடு அவருக்கு வந்த முதல் தகராறு கோட்பாட்டில் இல்லை, ஆயர் நியமனத்தில். தேசத்துரோகி என்று நாடு விரட்டிய ட்ரோல்லேயைத் திரும்ப ஏற்கும்படி போப் 1523இல் வற்புறுத்தினார். தேர்ந்தெடுக்கப்பட்ட புதிய ஆயர்களை உறுதிசெய்யக் கட்டணமும் கேட்கப்பட்டது. மறுபக்கம், தம்மோடு நின்ற சீர்திருத்தவாதிகளையும் அவர் விடவில்லை. ஒலாவுஸ் பெட்ரிக்கும் லவ்ரென்டியுஸ் ஆண்ட்ரேவுக்கும் 1540 பிறக்கும் நேரத்தில் மரண தண்டனை விதித்து, பிறகு அபராதமாக மாற்றினார். திருச்சபைக்குத் தனிக் குரல் இருக்கக் கூடாது என்பதே அவர் நிலை, அந்தக் குரல் கத்தோலிக்கமானாலும் லுத்தரனானாலும். இந்த வழக்கு புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

‘மக்கள் வரவேற்றனர்’ என்பதும் தவறு. டாலர்னா 1520களில் இருமுறை எழுந்தது. லூபெக் கடனுக்காக ஆலய மணிகளைப் பிடுங்கியபோது 1531இல் மூன்றாவது முறை எழுந்தது. 1529இல் தெற்கிலும் மேற்கிலும் கலகம். 1542-43இல் ஸ்மோலாந்தில் நில்ஸ் டக்கே நடத்திய கிளர்ச்சியே எல்லாவற்றிலும் பெரியது. வரியும் பழைய வழிபாட்டின் இழப்பும் அதில் கலந்திருந்தன. 1544இன் கடுமையான தீர்மானங்கள் இந்தக் கிளர்ச்சியை அடக்கிய கையோடு வந்தவை. புத்தகத்தில் டக்கே பெயர் விடைக்குறிப்பில் மட்டும் வருகிறது, பாடத்தில் இல்லை.

விடைக்குறிப்பை நம்ப வேண்டாம். சீர்திருத்தத்தைத் தொடங்கிய மன்னர் என்ற கேள்விக்கு ‘கஸ்டவஸ் அடால்ஃபஸ்’ என்று விடை கொடுத்திருக்கிறது. அவர் கஸ்டவ் வாசாவின் பேரன், 1611இல்தான் அரியணை ஏறினார். ஸ்டாக்ஹோம் படுகொலைக்கு ‘மூன்றாம் கிறிஸ்டியான்’ என்று போட்டிருக்கிறார்கள். அது இரண்டாம் கிறிஸ்டியான். மூன்றாம் கிறிஸ்டியான் 1536இல் டென்மார்க்கை லுத்தரன் ஆக்கியவர். கடைசிப் பக்கத்துப் பெட்டிச் செய்தி, லுத்தரன் மிஷனரி சீகன்பால்கைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியது ஸ்வீடன் மன்னர் என்கிறது. 1706இல் அவர் வந்து இறங்கியது டென்மார்க் மன்னர் நான்காம் ஃப்ரெடரிக்கின் ஏற்பாட்டில்.

அந்தப் பெட்டியில் சொல்ல வேண்டிய உண்மையான தொடர்பு வேறு. டென்மார்க்கில் பழைய ஆயர்களைச் சிறையில் போட்டு, புதியவர்களுக்கு விட்டன்பெர்க் இறையியலாளர் புகன்ஹாகன் 1537இல் தலையில் கை வைத்து அபிஷேகம் செய்தார். அவர் ஆயர் இல்லை. ஸ்வீடனில் 1524இல் ரோமிலேயே அபிஷேகம் பெற்ற வெஸ்டெரோஸ் ஆயர் பெட்ருஸ் மாக்னி, 1528இல் மற்ற ஆயர்களுக்கும் 1531இல் பேராயர் லவ்ரென்டியுஸ் பெட்ரிக்கும் அபிஷேகம் செய்தார். அதனால் ஆயர் கையால் ஆயர் அபிஷேகம் பெறும் வரிசை அறுபடவில்லை. 1919இல் அமைந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் 1921இல் முதல் ஆயராக ஸ்வீடனைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் ஹியூமன் பொறுப்பேற்றபோது அந்த வரிசையே தரங்கம்பாடிக்கு வந்தது. கிருஷ்ணகிரிக்கு 1895இல் வந்தது ஜெர்மானிய அமெரிக்க வழி. இரண்டையும் ஒன்றாக்கிப் பேச வேண்டாம். சபைகளில் படிப்பவர்களுக்கு இந்த ஒரு பத்தி மற்ற பெட்டிச் செய்திகள் எல்லாவற்றையும்விடப் பயன்படும்.

அச்சும் தாளும்: முதல் புத்தகம் 70 ஜி.எஸ்.எம். தாளில் இருபுறமும் அடித்தது, பின்பக்க எழுத்து லேசாகத் தெரிகிறது. ஹைலைட்டர் போட்டால் ஊறும், பென்சில் நல்லது. இரண்டாவதில் ஸ்பைரல் துளை உட்பக்கம் தள்ளி விழுந்திருப்பதால் இடது ஓரத்தில் ஆண்டு எண்களின் முதல் இலக்கம் சில பக்கங்களில் வெட்டுப்பட்டிருக்கிறது. வாங்கும்போது 9, 22, 31ஆம் பக்கங்களைத் திறந்து பாருங்கள். கூரியரில் வாங்குபவர்கள் அந்த மூன்று பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் பணம் போடலாம், கேட்டால் அனுப்புகிறார்கள்.

படிக்கும் வரிசை: முதல் புத்தகத்தில் 27 முதல் 45 வரை முதலில். அதன்பின் தொடக்கத்துக்குப் போய் பிர்கா, ஓலோஃப், 1164. படத்தைத் திருத்துங்கள். நடுவில் செருகிய தாள்களைப் படித்து முடித்த பிறகே இரண்டாவது புத்தகத்தைத் தொடுங்கள். அதில் வெஸ்டெரோஸ் பகுதியை அப்படியே எடுத்துக்கொண்டு, மீதியைச் சொத்து, வழிபாடு, கோட்பாடு என்று மூன்று பத்தியாக ஒரு தாளில் ஆண்டோடு எழுதிக்கொள்ளுங்கள். 1527, 1544, 1593 மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விக்கு விடை. தேர்வில் ‘திருச்சபைச் சொத்தை எடுத்த நாடாளுமன்றம்’ என்று கேட்டால் 1527, ‘பரம்பரை முடியாட்சி’ என்றால் 1544, ‘அவுக்ஸ்புர்க் அறிக்கை’ என்றால் 1593.

முதல் புத்தகத்துக்கு 80 ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டாவதற்கு 70 அதிகம். இரண்டையும் சேர்த்து 120க்குக் கேட்டுப் பாருங்கள். தேர்வு அறிவிப்பு வராத மாதங்களில் கடையில் குறைத்துத் தருகிறார்கள்.